டெல்லி காற்றை இசையா மாத்த முடியுமா? ஏக்யூஐ எண்ணில் இருக்கும் சிக்கல் என்ன?

2024 நவம்பர் 18 அன்று டெல்லியின் காற்றுத் தரக் குறியீடு (ஏக்யூஐ) 494. ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, மாஸ்க்கை மாட்டிக்கிட்டு ஆபீஸுக்குக் கிளம்பியவர்கள்தான் அதிகம். எண் பழகிப்போச்சு. சரி, அதையே காதால் கேட்டால்?

ஏற்கெனவே செய்து பார்த்திருக்கிறார்கள். 2013-ல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழக மாணவர் டேனியல் கிராஃபோர்ட், புவியியல் பேராசிரியர் ஸ்காட் செயின்ட் ஜார்ஜுடன் சேர்ந்து, 1880 முதல் 2012 வரையிலான உலக சராசரி வெப்பநிலையை செல்லோவில் வாசித்தார். ஆண்டுக்கு ஒரு ஸ்வரம். மிகக் குளிர்ந்த 1909-க்கு செல்லோவின் ஆகக் கீழான ஒலி; அங்கிருந்து ஏறும் ஒவ்வொரு அரைஸ்வரமும் சுமார் 0.03 டிகிரி செல்சியஸ். 2015-ல் இதையே 4 கருவிகளுக்கு விரித்தார்கள். பூமத்திய ரேகைப் பகுதிக்கு செல்லோ, நடு அட்சரேகைக்கு வயோலா, வடக்கே உயர் அட்சரேகைக்கும் ஆர்க்டிக்குக்கும் ஆளுக்கொரு வயலின்.

டெல்லி மாணவர்களும் செய்யலாமே? செய்யலாம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தளத்தில் ஒவ்வொரு கண்காணிப்பு நிலையத்தின் தரவும் இலவசமாகக் கிடைக்கிறது. சுற்றுச்சூழல் அறிவியல் படிக்கும் ஒருவர், வீணையோ சித்தாரோ வாசிக்கும் ஒருவர், ஒரு லேப்டாப் போதும்.

ஆனால் ஏக்யூஐ-யை எடுத்து வாசித்தால் காதை ஏமாற்றிவிடும். பிஎம் 2.5 நுண்துகளைப் பாருங்கள். ஏக்யூஐ 101-லிருந்து 200-க்குப் போக, துகள் கன மீட்டருக்கு 61-லிருந்து 90 மைக்ரோகிராம் ஆனால் போதும். 301-லிருந்து 400-க்கோ, 121-லிருந்து 250 வரை ஏறணும். இசையில் ரெண்டும் ஒரே உயரப் படிதான். அதுவும் 24 மணி நேர சராசரி, நள்ளிரவு உச்சம் அதில் கரைந்துவிடும். 500-க்கு மேல் குறியீடே கிடையாது, காற்று எவ்வளவு கெட்டாலும் அதே ஸ்வரம். மணிக்கணக்கில் வரும் துகள் அளவை நேரடியாக எடுப்பதுதான் நேர்மை.

ராகத்திலும் இதே கதை. முகாரியில் போட்டால் சுத்தமான காற்றுகூட சோகமாகத்தான் கேட்கும்!

இதைவிடப் பெரிய கேள்வி, சுருதியை எங்கே வைப்பது? பிஎம் 2.5-க்கு இந்தியாவின் ஆண்டு வரம்பு 40 மைக்ரோகிராம். உலக சுகாதார அமைப்பு 2021-ல் பரிந்துரைத்தது 5. இந்திய வரம்பை ஆதார ஸட்ஜமாக வைத்தால் பல ஊர்கள் சுருதி சேர்ந்தே ஒலிக்கும். 5-ஐ வைத்துப் பாருங்கள். அளவு இரட்டிப்பானால் ஒரு ஸ்தாயி என்று கணக்கு வைத்தால் 10, 20, 40, அதாவது இந்திய வரம்பைத் தொடவே 3 ஸ்தாயி ஏறணும். நம் சங்கீதத்தில் குரலுக்குச் சொல்லப்படும் மந்த்ரம், மத்தியம், தாரம் மூன்றும் அங்கேயே தீர்ந்துபோகும். சமீப ஆண்டுகளில் டெல்லியின் சராசரி 100-ஐ ஒட்டி இருக்கிறது. அதற்கு இன்னும் ஒரு ஸ்தாயிக்கு மேல் வேணும்.