பழைய கணினியைப் பழைய இரும்புக்குப் போடாதீர்!



2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்திக்கொண்டது. அதன்பின் எங்கள் வட்டாரத்தில் நடந்த பெற்றோர் கூட்டம் ஒன்றில், பள்ளியில் உள்ள பழைய கணினிகள் அனைத்தையும் ஒழித்துவிடலாம் என்ற பேச்சு எழுந்தது. "பழைய இரும்புக்காரரைக் கூப்பிடுங்கள்" என்றார் ஒருவர். எல்லாரும் தலையாட்டினர். நான் ஆட்டவில்லை. அதற்கான காரணத்தை இங்கே எழுதுகிறேன்.

கேமரன் மலையின் தேயிலைத் தோட்டப் பகுதியில் தமிழ் கற்பிப்பவன் நான். 1929-இல் போ தோட்டம் தொடங்கப்பட்ட காலந்தொட்டு இந்த மலைச்சரிவுகளில் தமிழரின் கை பட்டிருக்கிறது. இன்று கொழுந்து வெட்டுவோரில் பலர் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்தவர்கள். நம் குடும்பங்களில் பல தானா ராத்தாவுக்கும் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் பெயர்ந்துவிட்டன. பெரட்டு, லயம், கங்காணி முதலிய சொற்களை என் மாணவர்கள் பாட்டியின் வாயிலிருந்து மட்டுமே கேட்கிறார்கள். பாட்டி போனால் சொல்லும் போய்விடும்.

இது வெறும் கற்பனையன்று. மூன்றாண்டுகளுக்கு முன் முதியோரின் குரலைப் பதிவு செய்ய வேண்டும் என்று ஒரு பள்ளியில் முடிவெடுத்தோம். "முதலில் நல்ல கணினி வேண்டும், ஒலிப்பதிவுக் கருவி வேண்டும்" என்றது செயற்குழு. விண்ணப்பம் எழுதினோம், நன்கொடையாளரைத் தேடினோம். எட்டு மாதங்கள் ஓடின. பன்னிரண்டு வயதில் கூடை தூக்கிய ஒரு பாட்டி, முதலில் பேச ஒப்புக்கொண்டவர், அந்த மழைக்காலத்தில் காலமானார். அவர் குரல் ஒரு நொடிகூட நம்மிடம் இல்லை. அந்த எட்டு மாதமும் சாமான் அறையில் மூன்று கணினிகள் துணி போர்த்திக் கிடந்தன. அந்தக் குற்றத்தில் எனக்கும் பங்குண்டு. அதனால்தான் இன்று குரலை உயர்த்துகிறேன்.

2003-இல் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் வந்தபோது பள்ளிகளுக்குக் கணினிகளும் வந்தன. அந்தத் திட்டம் போய்விட்டது. அக்காலத்துக் கணினிகளில் சில இன்னும் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றைத்தான் பிறகு நான் எடுத்துத் துடைத்தேன். நினைவகம் 512 மெகாபைட். வன்தட்டு 40 ஜிகாபைட். இன்றைய இணையப் பக்கம் ஒன்றைத் திறந்தாலே அது திணறும். ஆனால் ஒலிப்பதிவுக்கு நினைவகம் பெரிதாகத் தேவையில்லை. வருகிற ஒலியை உடனுக்குடன் வன்தட்டில் எழுதிக்கொண்டே போனால் போதும். டெபியன் லினக்ஸின் 12-ஆம் பதிப்பை, வரைகலைத் திரை எதுவும் இல்லாமல், கட்டளைத் திரையோடு மட்டும் நிறுவினேன். 32-பிட் கணினிகளுக்கு நிறுவி தந்த கடைசி டெபியன் பதிப்பு அதுதான். லினக்ஸ் இலவசம், செலவு என் நேரம் மட்டுமே.

லினக்ஸில் 'கிரான்' என்றொரு காவற்காரர் உண்டு. நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை ஆகிய ஐந்தையும் ஒரே வரியில் எழுதி, பக்கத்தில் வேலையைக் குறித்துவிட்டால் போதும். அந்த நேரத்தில் அந்த வேலையைத் தொடங்கிவிடுவார். 'ஏரெக்கார்ட்' என்னும் கட்டளை, சொன்ன நேரம் வரை பதிந்துவிட்டுத் தானே நின்றுவிடும். பேச்சுக்கு நொடிக்கு 16,000 மாதிரிகள், 16 பிட், ஒற்றைத் தடம் போதும். அரைமணி நேரத்திற்கு ஏறத்தாழ 58 மெகாபைட் ஆகும். 30 ஜிகாபைட் இடத்தில் 500 பதிவுகளுக்கு மேல் அடங்கும். இன்னும் என்ன வேண்டும் நமக்கு?

மின்னல் எஃப்எம் நம் பள்ளி மணிக்கேற்ப ஒலிபரப்புவதில்லை. கணக்குப் பாடம் நடக்கும்போது நல்ல தமிழ் நிகழ்ச்சி வரும். இப்போது வானொலியிலிருந்து ஒரு கம்பி கணினியின் நீல நிறத் துளைக்குப் போகிறது, நிகழ்ச்சி பதிவாகிறது, மறுநாள் வகுப்பில் கேட்கிறோம். கேட்டலும் பேச்சும் நம் பாடத்திட்டத்திலேயே உள்ள திறன்கள் அல்லவா? அப்பதிவுகளை வகுப்பறைக்கு வெளியே பரப்புவதில்லை.

வியாழன் மாலை 4 மணிக்கு முதியவர் ஒருவர் ஒலிவாங்கி முன் அமர்கிறார். பதிவாகிறது என்று சொல்லி, அவர் ஒப்புதல் பெற்ற பிறகே அமர்த்துகிறோம். முன்பெல்லாம் நான் பொத்தானை அழுத்தியதும் பாட்டிமார் வாயடைத்துப் போவார்கள். இப்போது யாரும் எதையும் அழுத்துவதில்லை. பேரப்பிள்ளையோடு பேசுவதுபோல் பேசிக்கொண்டே இருக்கிறார்கள்.

"கைப்பேசி இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?" என்று கேட்கிறார்கள். கைப்பேசிக்கு நடுவில் அழைப்பு வரும், இடம் நிறைந்துவிடும், உரியவரோடு வீட்டுக்குப் போய்விடும். ஆசிரியர் மாற்றலானால் பதிவும் மாற்றலாகிவிடும்! பள்ளிக் கணினி பள்ளியிலேயே இருக்கும்.

"லினக்ஸ் பொறியாளர்களுக்கு உரியது" என்கிறார்கள். நான் தமிழாசிரியன். இரண்டு சனிக்கிழமைகளில் கற்றுக்கொண்டேன்.

குறைகளையும் மறைக்கமாட்டேன். முதல் வாரம் நேர மண்டலத்தை அமைக்க மறந்தேன். நம் நேரம் உலகப் பொது நேரத்தைவிட 8 மணி முந்தியது. காலை 9 மணி நிகழ்ச்சிக்குப் பதிலாக மாலை 5 மணி நிகழ்ச்சி பதிவாகியிருந்தது! தாய்ப்பலகையின் நாணய மின்கலம் செத்தால் கடிகாரம் தவறும்; ஆகவே புதிதாகப் போட்டுவிட்டு, திங்கள்தோறும் நேரத்தைச் சரிபார்க்கிறேன். பள்ளத்தாக்கில் எஃப்எம் அலையை மலை மறைக்கிறது. அலைவாங்கியை உயரத்தில் கட்ட வேண்டும். மலை ஈரம் கருவிகளை அரிக்கும். பழைய வன்தட்டு எந்நாளும் சாகலாம். ஆகவே வாரந்தோறும் பதிவுகளை வேறு இரண்டு இடங்களில் படியெடுத்து வைக்கிறோம். இணையத்தோடு இக்கணினியை இணைப்பதே இல்லை.

சிங்கப்பூர் 1979-லேயே வாய்மொழி வரலாற்றைத் திரட்டத் தொடங்கியது. இலங்கைத் தமிழரின் நூலகம் திட்டம் 2005-இல் தொடங்கியது. நாமோ இன்னும் புதுக் கணினிக்காகக் காத்திருக்கிறோம். திறப்பு விழாவும் நாடா வெட்டும் படமும் இல்லாமல் நமக்கு எந்த வேலையும் தொடங்காதா?

பெற்றோர்களே, உங்கள் பள்ளியின் சாமான் அறையை இந்த வாரம் திறந்து பாருங்கள். ஆசிரியர்களே, உயிருள்ள ஒரு கணினியையேனும் காப்பாற்றுங்கள். புதுக் கணினியை அடுத்த ஆண்டும் வாங்கலாம். பாட்டியின் குரலை எந்தக் கடையில் வாங்குவீர்கள்?

சிந்திப்போம், செயல்படுவோம்.