நின்றால் போய்விடும் வலி

"நடந்தா நெஞ்சு கொஞ்சம் இறுக்குது டாக்டர். காத்தாத்தான் இருக்கும். ரெண்டு நிமிஷம் நின்னா போயிடுது." என் கிளினிக்கில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. நின்றால் போய்விடுவதை அவர்கள் நல்ல செய்தியாகச் சொல்கிறார்கள். எனக்கோ அதுதான் கவலை.

உடல் முழுவதற்கும் இரத்தத்தை அனுப்பும் இதயம், தன் தசைக்கு வேண்டிய இரத்தத்தைக் கொரோனரி தமனிகள் வழியாகப் பெறுகிறது. அவற்றின் உட்சுவரில் கொழுப்பு படியப் படியப் பாதை குறுகும். உட்கார்ந்திருக்கும்போது கிடைக்கும் இரத்தமே போதும், குறை தெரியாது. பத்துமலையின் 272 படிகளை ஏறும்போதோ, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வேகமாக நடக்கும்போதோ இதயத்துக்குக் கூடுதல் இரத்தம் தேவை. குறுகிய குழாயால் அதைக் கொடுக்க முடியாது. அந்தப் பற்றாக்குறைதான் இறுக்கமாகவோ பாரமாகவோ தெரிகிறது. நின்றதும் தேவை குறைந்து வலி அடங்குகிறது. ஆனால், அடைப்பு அங்கேயேதான் இருக்கிறது.

இதற்கு 'ஆஞ்சைனா' என்று பெயரிட்டவர் ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஹெபர்டன். நடந்தால் வரும், நின்றால் மறையும் என்ற இதே அடையாளத்தை அவர் 1768-லேயே விவரித்துவிட்டார்.

வலி நெஞ்சில்தான் வரவேண்டும் என்பதில்லை. கை, தாடை, முதுகு, மேல்வயிறு என எங்கும் வரலாம். நீரிழிவு உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் சில வேளைகளில் மூச்சுவாங்கலும் அசதியும் மட்டுமே தெரியும்.

"ஈசிஜி நார்மல்" என்று நிம்மதி அடைபவர்களும் உண்டு. படுத்திருக்கும்போது எடுக்கும் ஈசிஜி சரியாக இருந்தும் குழாய் குறுகியிருக்கலாம். அதனால்தான் டிரெட்மில்லில் நடக்க வைத்தோ, ஸ்கேன் எடுத்தோ பார்க்கிறோம். தேவைப்பட்டால் ஆஞ்சியோகிராம் செய்கிறோம்.

நடந்தால் வரும் இறுக்கம் புதிதாகத் தொடங்கியிருந்தால் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள். முன்பைவிடக் குறைந்த தூரத்திலேயே வலித்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். சும்மா இருக்கும்போதே வலித்தாலும், ஓய்வெடுத்தும் அடங்காவிட்டாலும், வியர்த்துக் கொட்டினாலும் உடனே 999. நீங்களே காரோட்டிச் செல்ல வேண்டாம்.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. பெற்றோர் பெரும்பாலும் வலியைச் சொல்லமாட்டார்கள், நடையைக் குறைத்துக்கொள்வார்கள். கேட்டால் "வயசாச்சு" என்பார்கள். அடுத்த முறை சந்தைக்குக் கூட நடந்து பாருங்கள். முன்பு நிற்காத இடத்தில் அப்பா இப்போது நிற்கிறாரா?