பெயர் சரிதான்... ஆனாலும் ‘பொருந்தவில்லை’ ஏன்?

செல்போனில் ஒரு விண்ணப்பம் நிரப்புகிறீர்கள். ஊர், வில்லியனூர். ரேஷன் கார்டில் இருப்பதை அப்படியே அடித்தும், ‘விவரம் பொருந்தவில்லை’ என்று சிவப்பு எழுத்து வருகிறது. நம் தப்புதான் என்று நாலு முறை திருத்துகிறோம். சில சமயம் தப்பு, அந்த ஆப்பை எழுதியவருடையது!

ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்துக்கொள்வோம். உங்கள் வீட்டில் ஒன்று, பாகூர் மாமா வீட்டில் ஒன்று. ‘இரண்டிலும் ஒரே விஷயமா?’ என்றால், ஆமாம். ‘இரண்டும் ஒரே காகிதமா?’ என்றால், இல்லை. ஜாவா மொழியில் இந்த இரண்டு கேள்விகளும் வேறு வேறு. ‘ஈக்வல்ஸ்’ என்று எழுதினால் எழுத்துகளை ஒப்பிடும். == என்று போட்டால், ‘ஒரே காகிதமா?’ என்று மட்டும்தான் பார்க்கும்.

சோதித்துப் பார்த்தாலும் இந்தத் தப்பு சிக்காமல் போகலாம். நிரலுக்குள்ளேயே ‘வில்லியனூர்’ என்று இரண்டு இடங்களில் எழுதியிருந்தால், ஜாவா சிக்கனமாக ஒரே பிரதியை வைத்துக்கொள்ளும். அதனால் == ‘ஆமாம்’ என்று சொல்லிவிடும். ஆனால், நீங்கள் கீபோர்டில் அடிப்பது புதுப் பிரதி. அப்போது பதில், ‘இல்லை’.

இதைப் பிடிக்கத்தான் ‘ஸ்டாடிக் அனாலிசிஸ்’ இருக்கிறது. பத்திரிகை அச்சுக்குப் போகும் முன் புரூஃப் பார்ப்போமே, அதுபோல. நிரலை ஓட்டாமலேயே படித்து, ‘இந்த வரியில் == போட்டிருக்கிறீர்கள், கவனியுங்கள்’ என்று எச்சரிக்கும். அமெரிக்காவின் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் உருவான ‘ஃபைண்ட்பக்ஸ்’, அதன் வாரிசான ‘ஸ்பாட்பக்ஸ்’ இரண்டும் இந்த வேலையைச் செய்பவை. இலவசமாகவே கிடைக்கின்றன. கல்லூரியில் ஜாவா படிக்கும் பிள்ளைகள் இன்றே போட்டுப் பார்க்கலாம்.

ஆனால், தமிழில் இன்னொரு சிக்கல் உண்டு. புதுச்சேரிப் பகுதியில் அரியாங்குப்பம், பாகூர், மண்ணாடிப்பட்டு, நெட்டப்பாக்கம், வில்லியனூர் என 5 கொம்யூன்கள். அந்த ‘கொம்யூன்’ என்ற சொல்லையே பாருங்கள். முதல் எழுத்தான ‘கொ’வை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ‘க’வோடு ஒகரக் குறி சேர்ந்து 2 குறியீடுகள், அல்லது ‘க’, ஒற்றைக்கொம்பு, கால் என 3 குறியீடுகள். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால், ‘ஈக்வல்ஸ்’ போட்டாலும் கணினிக்கு அவை வேறு வேறு சொற்கள்!

== வராததால், புரூஃப் பார்க்கும் அந்தக் கருவிக்கும் இதில் தப்பு தெரியாது. ஒப்பிடும் முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்கு மாற்ற வேண்டும். அதற்கான ‘நார்மலைசர்’ ஜாவாவிலேயே இருக்கிறது. தமிழ் எழுத்து இப்படி வரலாம் என்று தெரிந்த ஒருவர் அதைப் போட வேண்டும், அவ்வளவுதான்.

நமக்கு ஒரு டிப்ஸ்: பெயர் பொருந்தவில்லை என்று வந்தால், உடனே எழுத்தை மாற்றி அடிக்காதீர்கள். காப்பி-பேஸ்ட் செய்ததை அழித்துவிட்டு, கையாலேயே மறுபடி அடித்துப் பாருங்கள். அப்போதும் வராவிட்டால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, உரியவர்களிடம் புகார் சொல்லுங்கள். ஆப்புக்காக உங்கள் பெயரை மாற்றினால், அடுத்த ஆவணத்தில் அது நிஜமாகவே பொருந்தாமல் போய்விடும்.