மலைச்சரிவும் பல்கலைக்கழகப் பாடத்திட்டமும்

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தை மீரியபெத்தத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானது என்பது அன்றுதான் தெரியவந்ததா? இல்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டுகளுக்கு முன்பே எச்சரித்திருந்தது. 2025 நவம்பரில் 'டித்வா' சூறாவளியின் மழையில் நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மலைகள் மீண்டும் சரிந்தன.

ஆபத்தை அறிந்திருந்தும் மீரியபெத்த மக்களைக் காப்பாற்ற முடியாமற்போனது ஏன்? "வெளியேறுங்கள்" என்றால் அவர்கள் எங்கே போவார்கள்? தோட்டக் காணி அரசுடையது. 1992 முதல் நிர்வாகம் கம்பனிகளிடம். லயத்திலே பிறந்து வளர்ந்தவரிடம் காணி உறுதி இல்லை. வேலைக்கு இறங்காத நாளுக்குப் 'பேர்' கிடையாது. பேர் இல்லையேல் சம்பளமும் இல்லை. ஆகவே மண்சரிவு புவிச்சரிதவியலாளருக்கு எவ்வளவு உரியதோ, அவ்வளவுக்குச் சட்டத்தரணிக்கும் பொருளியலாளருக்கும் உரியது.

இதனை இங்கே எழுதுவதற்குக் காரணம் உண்டு. 'பேண்தகு அபிவிருத்தி' என்பது சூழலியல் மாணவர்களுக்கு மட்டும் உரிய பாடம் என்ற எண்ணம் நம் கல்வியாளர் பலரிடம் இன்னும் இருக்கிறது. ஒரு துறையின் கண்ணால் மட்டும் பார்த்தால் என்ன நேரும் என்பதை 2021இல் கண்டோம். மண்ணைக் காப்பதாகச் சொல்லி மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் அத்தடை கைவிடப்பட்டது. நோக்கத்தில் பிழை காண்பது கடினம். ஆனால், கொழுந்து குறைந்தால் நாட்கூலிக்குரிய கிலோவை எப்படிப் பறிப்பது என்று தொழிலாளியிடம் கேட்டவர் யார்?

பாடத்திட்டம் ஏற்கெனவே சுமையாக உள்ளதே என்பர் சிலர். நியாயந்தான். ஆனால் புதிய பாடம் எதுவும் தேவையில்லை. இருக்கும் பாடங்களின் உதாரணங்களை மாற்றினாலே போதும். பொறியியல் மாணவர் தாங்குசுவரைக் கணக்கிட ஹட்டனில் ஒரு லயத்தின் பின்சரிவை எடுத்துக்கொள்ளட்டும். சட்ட மாணவர் அந்த லயத்தின் காணியுரிமையை ஆராயட்டும். மருத்துவ மாணவர் அங்குள்ளோர் குடிக்கும் பீலித் தண்ணீரைச் சோதிக்கட்டும். கணக்கியல் மாணவர், களை சுரண்டிச் சுரண்டி இழந்த மேல்மண்ணுக்கு விலை போட்டுப் பார்க்கட்டும். வரலாற்று மாணவர், 1869இல் இலங்கையில் கண்டறியப்பட்ட இலைநோய், ஒற்றைப் பயிரை நம்பியிருந்த கோப்பித் தோட்டங்களை எப்படி அழித்தது என்று படிக்கட்டும். தமிழ் மாணவர், நள்ளிரவில் கேட்டாலும் லயத்துப் பாட்டிக்குப் புரியும்படி ஓர் எச்சரிக்கை அறிவித்தலை எழுதிப் பழகட்டும்.

பேராதனை வளாகத்தை ஒட்டி மகாவலி ஓடுகிறது. மழைக்காலத்தில் அது மண்ணிறமாக ஓடுவதை அங்கு படித்த அனைவரும் அறிவர். அம்மண்ணில் ஒரு பகுதி மேலேயுள்ள தேயிலை மலைகளிலிருந்து வருவது. அங்குள்ள ஒவ்வொரு பீடமும் ஆண்டுக்கு ஒரு வாரமாவது தன் மாணவர்களை அந்த மலைகளுக்கு அனுப்ப வேண்டும். வெவ்வேறு பீடத்தினர் ஒரே லயத்து வாசலில் சேர்ந்திருந்து அங்குள்ளவர்களிடம் கேட்டுப் படிக்க வேண்டும். அடுத்த எச்சரிக்கை வரும்போது, போவதற்கு ஓரிடத்தையும் சேர்த்துச் சொல்லக்கூடிய பட்டதாரிகள் நமக்குத் தேவை.