பின்னால் வரும் வான்

ஆகஸ்ட் விடுமுறைப் பயணங்களுக்கு வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இளைஞர் குழுக்கள் ஆயத்தமாகும் காலம் இது. பல நாள் சைக்கிள் பயணத் திட்டம் எதை எடுத்துப் பார்த்தாலும் ஒரு வரி தவறாமல் இருக்கிறது: ‘பின்னால் ஒரு வான் வரும்.’ பைகளும் சோற்றுப் பார்சல்களும் அதில் வரும்; களைத்தவர்களும் அதில் ஏறிக்கொள்ளலாம். பொறுப்பாசிரியர்களிடமும் சாரணத் தலைவர்களிடமும் நாம் கேட்பது ஒன்றுதான்: அந்த வானை விட்டுவிடுங்கள்.

உதாரணத்துக்கு, இளைஞர்களுக்கான எடின்பரோ கோமகன் சர்வதேச விருதின் தங்கப் படிநிலைப் பயணம் நான்கு பகல், மூன்று இரவு கொண்டது. குழுவில் நான்கு முதல் ஏழு பேர். பாதையை வகுப்பதும் தமக்குத் தேவையானதைச் சுமப்பதும் அவர்கள் பொறுப்பு. பெரியவர் தூரத்தில் நின்றுதான் கண்காணிப்பார். ஐம்பது மீற்றர் பின்னால் ஊர்ந்து வரும் வாகனம் இந்த ஏற்பாட்டின் உயிரையே எடுத்துவிடுகிறது. சங்கிலி கழன்றதும் பிள்ளை குனிந்து பார்ப்பதில்லை. திரும்பி வானைப் பார்க்கிறது.

ஆனால் அந்த வானைச் சோம்பல் அனுப்பவில்லை; பெற்றோரின் பயம்தான் அனுப்புகிறது. 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலை, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை விடுதிகளில் தங்கியிருந்த முந்நூறுக்கும் மேற்பட்ட தமிழர்கள் பஸ்களில் ஏற்றி அனுப்பப்பட்டார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. அந்த பஸ்கள் போன ஊர்களில் வவுனியாவும் ஒன்று. இன்று, நாம் பரிந்துரைக்கும் பாதை முடியும் அதே வவுனியாவுக்கு மகளைச் சைக்கிளில் அனுப்பும்படி நாம் கேட்கும் தாய்க்கு அந்தக் காலை நினைவிருக்கும். அவருடைய பயத்தை ‘அளவுக்கு மிஞ்சிய செல்லம்’ என்று ஒதுக்க நமக்கு உரிமையில்லை. வானை எடுக்கிறோம் என்றால் அதனிடத்தில் வேறு உறுதி கொடுக்க வேண்டும். ஒவ்வொரு இரவும் தங்கும் இடமும் அங்குள்ள பொறுப்பாளரின் தொலைபேசி இலக்கமும், பிள்ளைகள் அழைக்கும் நேரங்களும் எழுத்தில் பெற்றோர் கையில் இருக்கட்டும். வழியிலுள்ள பொலிஸ் நிலையங்களுக்கு முன்கூட்டியே கடிதம் போகட்டும். கண்காணிப்பாளர் பஸ்ஸில் முன்னே போய் சிலாபத்திலும் புத்தளத்திலும் குழுவைச் சந்திக்கட்டும். 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைத்து, நிற்கும் இடத்தைத் தெளிவாகச் சொல்ல எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும், சிங்களத்திலும்.

பயிற்சிப் பயணத்தில்தான் நாம் அதிகம் சறுக்குகிறோம். காலிமுகத்திடல்வரை வெறும் சைக்கிளில் போய்வருவது பயிற்சியாகாது. முழுச் சுமையுடன் நீர்கொழும்புக்குப் போய், ஓர் இரவு தங்கித் திரும்பட்டும். பின் கரியரில் பத்துக் கிலோ ஏறினால் பிறேக் பிடிக்கும் தூரம் கூடும். திருப்பத்தில் ஹாண்டில் வேறு மாதிரி நடந்துகொள்ளும். சுமை தாழ்வாகவும் இரு பக்கமும் சமமாகவும் இருக்க வேண்டும் என்பதைப் பேலியகொடை நெரிசலில் ஒருமுறை தள்ளாடியவர் மறக்கமாட்டார். முதுகில் பை வேண்டவே வேண்டாம்.

ரயர் அளவையும் பாருங்கள். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டின்போது பல வீடுகளுக்குள் சைக்கிள் வந்தது. அவற்றில் பெரிய சில்லுள்ள கியர் சைக்கிள்களும் உண்டு. டாம் வீதியில் எந்த ரியூபும் கிடைக்கும். வழியிலுள்ள நொச்சியாகமவில் சாதாரண 26 அங்குல ரியூபைத்தான் நம்பிப் போகலாம். முடிந்தால் குழு முழுவதும் ஒரே அளவில் போகட்டும், வால்வும் ஒரே வகையாக இருக்கட்டும். பின்சில்லைக் கழற்றி, ஒட்டுப் போட்டு, மீண்டும் பூட்ட ஒவ்வொருவருக்கும் கை பழகியிருக்க வேண்டும். குழுவில் ஒருவருக்கு மட்டும் தெரிந்தால் போதாது.

பாதையைப் பிள்ளைகளே வகுக்கட்டும் என்று வற்புறுத்துவதற்கு மூன்றாம் நாள் நல்ல காரணம். கொட்டாஞ்சேனையிலிருந்து சிலாபம், புத்தளம், அநுராதபுரம், வவுனியா என நான்கு நாளில் ஏறத்தாழ 260 கிலோமீற்றர். முதல் இரண்டு நாளும் கரையோரச் சமதரை. விடியுமுன் புறப்பட்டு வெயிலுக்குமுன் பெரும்பகுதியை முடித்துவிடலாம். புத்தளத்துக்கு அப்பால் அந்தக் கணக்குப் பிழைக்கும். கருவலகஸ்வெவப் பக்கம் யானைகள் நடமாடும் இடம்; மங்கலான வெளிச்சத்தில், காலையிலோ மாலையிலோ, சைக்கிள் அங்கே இருக்கக் கூடாது. வரண்ட வலயத்து ஆகஸ்ட் வெயிலோ நேரத்தோடு புறப்படு என்கிறது. 75 கிலோமீற்றரை இந்த இரண்டுக்கும் நடுவே எப்படி வைப்பது? எங்கே நிழல், எங்கே தண்ணீர், ஜீவனி எத்தனை பைக்கற், எத்தனை மணிக்கு மேல் தாமதித்தால் அன்றைய ஓட்டத்தைக் கைவிடுவது? வெள்ளவத்தை மாடிவீட்டில் வரைபடத்தை விரித்து இதற்காக ஒரு மாலை முழுக்க வாதாடிய குழு, வீதியில் பதறாது. விடையை நாம் எழுதிக் கொடுத்தால் அந்த மாலை அவர்களுக்குக் கிடைக்காமலே போகும்.

திசையிலும் கவனம் வேண்டும். ஆகஸ்டில் சோளகம் தென்மேற்கிலிருந்து வீசும். வடக்கே போகிறவர்களுக்கு அது பெரும்பாலும் முதுகுக் காற்று. அதே குழு மார்கழி விடுமுறையில் போனால் வாடையை முகத்தில் வாங்கும், மழையையும் சேர்த்து. ஆகவே ஆகஸ்டில் வடக்கே மிதித்துப் போய், வவுனியாவிலிருந்து ரயிலில் திரும்பும் திட்டத்தையே பரிந்துரைக்கிறோம். எந்த ரயிலில் சைக்கிள்களைப் பொதியாக ஏற்றுவார்கள் என்பதைப் பிள்ளைகளே நிலையத்துக்குப் போய்க் கேட்டு வரட்டும். நீர்கொழும்புப் பயிற்சியை ஜூலை நடுப்பகுதிக்குள் முடித்துவிடுங்கள். அங்கே தெரியவரும் குறைகளைச் சரிசெய்ய இரண்டு வாரமாவது வேண்டும்.