தொட்டியில் ஒரு பிரசவ வார்டு

வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டவன் கதை தெரியுமில்லையா? எங்கள் அம்மாபேட்டையில் ஓணான் தானாகவே வேலியை விட்டு இறங்கி, எதிர்வீட்டு ரோஜாத் தொட்டியில் முட்டையிட்டுப் போய்விட்டது. கோடை மழை பெய்த மறுநாள், மண்ணைக் கிளறிய ஆறாம் கிளாஸ் பையன், "மாமா! பதிமூணு முட்டை!" என்று கத்தினான். எல்லாம் மொச்சைக்கொட்டை சைஸ்.

ஓணானைக் கண்டால் ஈர்க்குச்சியில் சுருக்குப் போடுவதுதான் பையன்கள் வழக்கம். இவனோ, "பொரிக்க வைக்கணும்" என்கிறான். காலம் மாறிவிட்டது சார்!

உடனே ஆலோசனைக் கமிட்டி கூடியது.

"வெயில்ல காஞ்சிடும். தினம் ரெண்டு சொம்பு தண்ணி ஊத்து" - இது பையனின் அம்மா.

"ஈரம் பட்டா அழுகிடும். எடுத்து ஃபேனுக்கு அடியில வை" - இது மாடி வீட்டு அத்தை.

"பல்பு போட்டு, தினம் நாலு தடவை புரட்டி விடு" - இது நாமக்கல்லிலிருந்து வந்திருந்த கோழிப்பண்ணை உறவுக்காரர்.

மூன்றையும் கேட்டிருந்தால் பதிமூன்றுக்கும் பால்தான்!

கோழி முட்டை, தனக்கு வேண்டிய தண்ணீரைக் கெட்டி ஓட்டுக்குள் கட்டிக்கொண்டே வருகிறது. அடைகாக்கும் 21 நாளில் அதன் எடை சுமார் 12 சதவீதம் குறைய வேண்டும், அதுதான் ஆரோக்கியம். ஓணான் முட்டை நேர் எதிர். ஓடு தோல் மாதிரி மெத்தென்று இருக்கும். மண்ணிலிருந்து தண்ணீரை உறிஞ்சி, நாளாக ஆக உப்பும். மண் காய்ந்தால் முட்டையில் பள்ளம் விழும். அதற்காகச் சொம்பு சொம்பாக ஊற்றினாலும் ஆபத்து. அந்தத் தோல் வழியாகத்தான் உள்ளே இருக்கிற குஞ்சு மூச்சும் விடுகிறது. சேற்றில் மூழ்கினால் மூச்சுமுட்டிப் போய்விடும்.

புரட்டல்? கூடவே கூடாது. ஊர்வன முட்டைகளில் கரு சீக்கிரமே மேல்பக்கமாக ஒட்டிக்கொள்ளும். அப்புறம் தலைகீழாக்கினால் ஆள் காலி. அதனால்தான் முதலை முட்டையை இடம் மாற்றுகிறவர்கள் மேல்பக்கத்தில் பென்சிலால் அடையாளம் போட்டு, அப்படியே அலுங்காமல் தூக்குகிறார்கள். அமராவதி அணை முதலைப் பண்ணையிலும், 1976-ல் ராமுலஸ் விட்டேக்கர் வடநெம்மேலியில் ஆரம்பித்த முதலைப் பண்ணையிலும் குஞ்சுகள் பெருகியது சும்மா இல்லை. முதலைக்கு இன்னொரு வேடிக்கையும் உண்டு. நம்மூர் முதலை முட்டை 31 டிகிரிக்குள் இருந்தால் பெண், 32.5 டிகிரியை ஒட்டி இருந்தால் ஆண்! ஸ்கேன் சென்டர் வேலையைத் தெர்மாமீட்டரே பார்த்துவிடுகிறது.

சரி, தொட்டியில் ஈரம் எவ்வளவு இருக்கலாம்? பதில் சொன்னவர் பக்கத்து வீட்டுத் தறிக்காரத் தாத்தா. குழித்தறியில் உட்கார்ந்தே ஆயுசைக் கழித்தவர்.

"பாவு நூலுக்கும் இதே கதைதான் தம்பி. காத்து வறண்டா இழை அறும். ஈரம் மிஞ்சினா பூஞ்சணம் புடிக்கும். ஒரு புடி மண்ண எடுத்து அமுக்கு. உருண்டையா நிக்கணும், சொட்டுத் தண்ணி வரக்கூடாது. அதான் கணக்கு."

அப்படியே செய்தோம். முட்டைகளைப் புரட்டாமல் மண்ணை மூடி, தொட்டியைப் பாதி நிழலில் விட்டோம். மேல்மண் வெளுத்தால் மட்டும் தொட்டி ஓரமாகக் கொஞ்சம் தண்ணீர் தெளித்தோம். 44-ம் நாள் காலையில் தொட்டி விளிம்பில் தீக்குச்சி கனத்தில் ஒரு தலை! சாயங்காலத்துக்குள் பதினொன்று வெளியே வந்து, குரோட்டன்ஸ் செடிக்குள் மறைந்துவிட்டன. இரண்டு பூஞ்சணம் பிடித்துப் போயிருந்தன. பையன் அந்த இரண்டுக்காகத்தான் அழுதான்.

இதைப் படித்துவிட்டு யாரும் ஏரிக்கரையில் முட்டை பொறுக்கக் கிளம்பிவிடாதீர்கள். ஆமை, உடும்பு, மலைப்பாம்பு, முதலை எல்லாமே 1972-ம் வருஷத்து வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பவை. முட்டையை எடுத்தாலும் குற்றம்தான். வீட்டுக்குள் பாம்பு முட்டை கிடைத்தால் வனத்துறைக்குப் போன் போடுங்கள். தொட்டியில் ஓணான் முட்டை கிடைத்தால் அப்படியே மூடிவிடுங்கள். ஈரமான இடம் பார்த்துத்தான் தாய் வந்து போட்டிருக்கிறது. ஒன்றரை மாசம் மண்ணைக் கிளறாமல், உரம் போடாமல் இருந்தால் போதும்.

ரோஜா பூக்கவில்லையே என்று வீட்டில் கோபித்துக்கொண்டால்? பூக்கடையில் ஒரு முழம் வாங்கிக் கொடுத்துச் சமாளிப்பது உங்கள் பொறுப்பு!