மூன்றாம் பக்கத்தையும் பாருங்கள்

ராத்திரி ஒன்பதரைக்கு ஷட்டரைப் பாதி இறக்கிய பிறகு வருகிறவர்கள் ஒரு ரகம். கடையில் வேறு ஆள் இருந்தால் இருமல் மிட்டாய் வாங்கிக்கொண்டு ஓரமாக நிற்பார்கள். ஆள் நகர்ந்ததும் குரல் தணியும். "அண்ணே, நல்ல சத்து மாத்திரை ஏதாவது..." என்று இழுப்பார்கள். எந்தச் சத்து என்று நான் கேட்பதில்லை. சாத்தூரில் 26 வருடமாக மெடிக்கல் ஷாப் நடத்துகிறவனுக்கு அந்த இழுவையே போதும்.

இப்போதெல்லாம் கையில் ரிப்போர்ட்டோடு வருகிறார்கள். போன மாதம் வந்தவருக்கு நாற்பத்து மூன்று வயது இருக்கும். லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கிறார். 'முழு உடல் பரிசோதனை' பேக்கேஜில் ரத்தம் கொடுத்து வாங்கிய தாள்களில் கடைசிப் பக்கத்தை மட்டும் மேலே தெரியும்படி மடித்து நீட்டினார். வைட்டமின் டி 13. பேனாவால் இரண்டு வட்டம் போட்டிருந்தார். "இதனாலதாண்ணே. யூடியூப்ல சொல்றாங்க." வாங்கி மடிப்பைப் பிரித்துப் புரட்டினேன். மூன்றாம் பக்கத்தில் மூன்று மாதச் சராசரி சர்க்கரை, எச்பிஏ1சி 9.1. அதைச் சுற்றி வட்டம் எதுவும் இல்லை.

யூடியூப் சொல்வது முழுப் பொய் அல்ல. விறைப்புக் குறைபாடு உள்ள ஆண்களிடம் வைட்டமின் டி குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. ஆனால் தொப்பை போட்டு, வெயில் படாமல், நாற்காலியை விட்டு எழாமல் இருப்பவருக்கு டி-யும் குறையும், விறைப்பும் குறையும். சேர்ந்து வந்தது என்பதற்காக ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது. கொடுத்துப் பார்த்தால்தானே தெரியும்? ஆஸ்திரேலியாவில் பார்த்தார்கள். 60 வயதைத் தாண்டிய இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் பாதிப் பேருக்கு வைட்டமின் டி, மீதிப் பேருக்கு வெறும் மாத்திரை. மாதம் 60,000 யூனிட், ஐந்து ஆண்டுகள். பாலில் கலந்து குடிக்க என் கடையில் வாங்கிப் போகிற சாஷேயில் இருப்பதும் அதே 60,000தான். ஆண்களின் விறைப்புப் பிரச்சினையில் இரு தரப்புக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அவர்களில் பெரும்பாலானோருக்குக் கடுமையான வைட்டமின் டி குறைபாடு கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

துத்தநாகத்தின் கதையும் இதுதான். அமெரிக்காவில் குழந்தைக்காகச் சிகிச்சைக்கு வந்த 2,370 தம்பதியரில் ஆண்களுக்கு ஆறு மாதம் துத்தநாகமும் ஃபோலிக் அமிலமும் கொடுத்துப் பார்த்தார்கள். 2020இல் முடிவு வந்தது. விந்தணுவின் தரமும் கூடவில்லை, பிறந்த குழந்தைகளின் எண்ணிக்கையும் கூடவில்லை.

பி12 மட்டும் கொஞ்சம் வேறு. சர்க்கரைக்கான மெட்ஃபார்மினை வருடக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கு அது குறையலாம். குறைந்தால் நரம்பைத் தொடும், பாதம் மரத்துப்போகும். அளந்து பார்த்துக் குறைந்திருந்தால் ஈடுகட்டத்தான் வேண்டும். டி-யும் அப்படித்தான், எலும்புக்கு அது தேவை. படுக்கையறைப் பழியை மட்டும் அவற்றின் தலையில் போடாதீர்கள்.

சாத்தூர்க்காரர்களுக்கு உப்புத் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. உப்புப் படிந்தால் சன்னமான குழாயில்தான் முதலில் தண்ணீர் குறையும். ஆணுறுப்புக்குப் போகிற ரத்தக்குழாய் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அகலம். இதயத்துக்குப் போவது மூன்று நான்கு. சர்க்கரையும் கொழுப்பும் புகையும் இரண்டையும் கெடுக்கின்றன, ஆனால் சின்னது முதலில் காட்டிக்கொடுக்கிறது. நெஞ்சுவலிக்குச் சில வருடம் முன்பாகவே வருகிற தந்தி அது. தமிழ்நாட்டுப் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் என்று 2023இல் ஐசிஎம்ஆர் ஆய்வு சொன்னது. அந்தத் தந்தியை எத்தனை பேர் சத்து மாத்திரையில் சுற்றித் தூர எறிகிறார்களோ!

எறிந்தவர்களில் நானும் ஒருவன். ஆறு வருடம் முன்னால், 48 வயதில், என் கடை அலமாரியிலிருந்தே வாரம் ஒன்றாக எட்டு சாஷே எடுத்துக் குடித்தேன். எனக்கே நான் பில் போடவில்லை, அவ்வளவுதான். கடைசியில் என் அப்பாவை நினைவுபடுத்தி என் மனைவிதான் கேட்டாள்: "மாமாவுக்கு சர்க்கரையாலதான காலை எடுத்தாங்க, நீங்க ஒரு தடவையாவது பாத்தீங்களா?" மறுநாள் வெறும் வயிற்றில் பார்த்தேன். 186.

ஏன் எட்டு வாரம் வீணாக்கினேன் என்று யோசித்தால், 'வைட்டமின் குறைவு' என்பது கௌரவமான நோய். யாருடைய தப்பும் அதில் இல்லை, வெயில் மேல் பழி போட்டுவிடலாம். சர்க்கரை என்றால் பரோட்டா, சிகரெட், அப்பா, ஆயுசு முழுக்க மாத்திரை என்று எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். மாத்திரையும் நடையுமாகச் சர்க்கரை இறங்க எட்டு மாதம் பிடித்தது. மற்றதும் ஓரளவு திரும்பியது. முழுசாக என்று சொல்லமாட்டேன்.

என் தொழிலையும் சொல்லிவிடுகிறேன். மெட்ஃபார்மினுக்கு அரசு விலை வரம்பு வைத்திருக்கிறது. சத்து மாத்திரைகள் பலவற்றுக்கு அது இல்லை. கடைக்காரனுக்கு எதில் லாபம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். ஆண்மைக்கு மருந்து என்று விளம்பரம் செய்வதை 1954லேயே சட்டம் தடுத்துவிட்டது. பஸ் ஸ்டாண்ட் சுவர்களுக்கு அந்தச் செய்தி இன்னும் வந்துசேரவில்லை. இதைவிட ஆபத்து, நெஞ்சுவலிக்கு சார்பிட்ரேட் வாங்குகிறவரே விறைப்புக்கான சில்டெனாஃபிலும் சீட்டில்லாமல் கேட்பது. இரண்டும் உடம்பில் சேர்ந்தால் ரத்த அழுத்தம் தடாலென்று விழும், உயிரே போகலாம்.

கவுண்டரில் நிற்கிற எங்களுக்கு ஒரு கேள்வி கேட்க வாய் இருக்கிறது: "சர்க்கரை, பிரஷர் பாத்தீங்களா?" ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் பார்க்கிறார்கள். சர்க்கரைக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர்களும், நோயாளி வாய் திறக்கட்டும் என்று காத்திராமல், விறைப்புப் பிரச்சினை பற்றி அவர்களாகவே கேட்க வேண்டும். நம் ஆண்கள் தாங்களாகச் சொல்லமாட்டார்கள்.

லாரி ஆபீஸ்காரரிடம் 9.1ஐக் காட்டி, முதலில் டாக்டரைப் பாருங்கள், டி-க்கும் அவரே எழுதித் தருவார் என்றேன். பதில் பேசவில்லை. ரிப்போர்ட்டை வாங்கி, பழைய மடிப்பிலேயே மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். சீட்டோடு இன்னும் வரவில்லை. வேறு கடையில் வாங்கியிருந்தாலும் சரிதான், அது சாஷே மட்டுமாக இல்லாதவரை.